பழைய ரிங்கை மறந்தவர்

“ப்ரீதிக்கு மட்டும் தெரிய வேண்டாம், பார்வதி. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

துரைசாமி நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். பார்வதி சூட்கேஸின் ஜிப்பைச் சரக்கென்று இழுத்து மூடினாள்.

“பெத்த மகனைக் கொன்னாச்சு. மககிட்ட மட்டும் நல்ல பேரு வேணுமாக்கும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தேஜஸ் போனதிலிருந்து அந்த வீட்டில் அவர் எந்தத் திட்டுக்கும் எதிர்த்துப் பேசுவதில்லை.

புனே ஹிஞ்சவடியில் வேலைக்குச் சேர்ந்து தேஜஸுக்கு அது முதல் மழைக்காலம். பைபாஸ் வளைவில் பைக் வழுக்கியது. பின்னால் வந்த டேங்கர்காரனுக்கு பிரேக் பிடிக்க நேரமில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தனியாகக் கோயம்புத்தூர் போயிருந்த பார்வதி, உடுத்தியிருந்த பட்டுப் புடவையோடு புனேவுக்கு விமானம் ஏறினாள். மகனின் முகத்தை அவளுக்குக் காட்டவேயில்லை.

எல்லோரும் மழைதான் காரணம் என்றார்கள். பைக்கைச் சோதித்த அதிகாரி ஒருவர்தான் இல்லை என்றார்.

பின் டயர் முழுக்க எஞ்சின் ஆயில். அவர் ஆயில் ஃபில்டரின் மூடியைக் கழற்றிக் காட்டினார். கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் ரிங் இருக்க வேண்டும், குக்கருக்கு காஸ்கெட் மாதிரி. அங்கே இரண்டு இருந்தன. பழசை எடுக்காமல் அதன் மேலேயே புதுசை வைத்து மூடியிருக்கிறார்கள். மூடி சரியாக உட்காரவில்லை. வண்டி சூடேறியதும் ஆயில் பீய்ச்சியடித்திருக்கிறது.

“ஃபில்டர் மாத்தினது யாரு?” என்று அவர் இந்தியில் கேட்டார்.

“நான்தான்” என்றார் துரைசாமி. “பழைய ரிங்கை எடுக்க மறந்துட்டேன்.”

மறந்துட்டேன்! குடையை ரயிலில் மறந்துவிட்டு வந்தவர் மாதிரி அல்லவா சொன்னார்? அந்த ஒரு சொல்தான் பார்வதியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

சாகண் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. மயிரிழைக் கீறலைக்கூட விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவர். புது ஃபில்டர் வாங்கப் போனால் பழசையும் கையோடு எடுத்துப் போவார். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வாய் அளவு ஒத்துப் பார்த்த பிறகுதான் வாங்குவார். ரிங்கில் விரலால் ஆயில் தடவி வைப்பார். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சொட்டு கசிகிறதா என்று தரையில் படுத்தே பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு மட்டும் மறந்தாராம்.

எவ்வளவு அவசரமோ, யாருக்குத் தெரியும்? பக்கெட்டில் ஊறிக்கிடந்த ப்ரீதியின் மஞ்சள் டி-ஷர்ட்டில் முழுக்கக் கறுப்பு ஆயில். கேட்டதற்கு, “கை துடைக்க எடுத்தேன்” என்றார். பிள்ளையின் துணி எது, கரித்துணி எது என்றுகூடப் பார்க்காத அவசரம்!

இனி இந்த மனிதரோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

கீழே கார் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு, துரைசாமி ஜன்னல் வழியாக மகளின் தலையைத் தடவினார். “நல்லாப் படிக்கணும், கண்ணு. பாட்டி வீட்ல சமத்தா இரு.” மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மறுபடியும் அதே கெஞ்சல். பார்வதி கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

கார் வாகட்டைத் தாண்டும்வரை ப்ரீதி அழுதுகொண்டே வந்தாள். ஏழாவது படிக்கிற பெண். அப்பா ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்க உட்கார்ந்தால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பாள்.

“திரும்பிப் போலாம்மா. அப்பா பாவம், தனியா என்ன பண்ணுவாரு?”

“பேசாம வா.”

“அப்பா டெய்லி பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு அழறாரு. உனக்குத் தெரியுமா? நீதான் அவரைத் திட்டித் திட்டி அழ வெக்கற. நீ ரொம்ப மோசம்மா!”

பார்வதி எவ்வளவோ பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

“நானா மோசம்? உங்கண்ணன் எப்படிச் செத்தான்னு தெரியுமாடி உனக்கு?”

“மழையில வழுக்கிடுச்சுன்னு அப்பா சொன்னாரே.”

“அது பொய்! மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆயில் ஃபில்டர் மாத்தறேன்னு பழைய ரிங்கை எடுக்காம, அது மேலயே புதுசையும் வெச்சு மூடிட்டாரு உங்கப்பா. ஆயிலெல்லாம் டயர்ல கொட்டித்தான் அவன் விழுந்தான். மகனைத் தின்னது உங்கப்பாதான். போதுமா?”

சொன்ன வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பாடா என்றுகூட இருந்தது. தான் சுமந்ததை இனி மகளும் சேர்ந்து சுமப்பாள்.

ப்ரீதியின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. உதட்டில் ரத்தமே இல்லை. சிக்னலில் கார் நின்றது, கிளம்பியது. பிறகுதான் அவள் அம்மாவின் முந்தானையை மெல்லப் பிடித்தாள்.

“அம்மா... ரெண்டு ரிங் இருந்தா லீக்கே ஆகாதுன்னுதான் நான் பழசையும் அப்படியே விட்டேன்.”