வின்லோ துரையின் சத்தியம்

"என்னைக் காப்பாத்துடா. உன்னையும் உன் பொண்டாட்டியையும் விடுதலை பண்ணிடுறேன். இது சத்தியம்!"

அமெரிக்காவின் கரோலினாவில் அடிமைகள் கலகம் செய்த அன்று, வின்லோ துரை தன் அடிமை குவாமினாவின் காலைப் பிடித்துக் கெஞ்சினார். அவன் அவரை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தான்.

கலகக்காரர்களோடு வந்து நின்றவன் அவனுடைய தம்பி மிங்கோ.

"தொரை எங்கண்ணே?"

"விடியக்காலையிலேயே ஓடிட்டான்டா."

அண்ணனை நம்பிப் போனான் தம்பி. இரண்டே நாளில் வெள்ளைக்காரப் படை அவனைப் பிடித்துத் தூக்கில் போட்டது.

எட்டு மாதம் பொறுத்துக் குவாமினா கேட்டான். "அந்த விடுதலைப் பத்திரம், தொரை..."

துரையின் முகம் வாடியது. "சட்டசபையில புதுச் சட்டம் வந்திருச்சுடா. இனி முதலாளியே நெனச்சாலும் அடிமைய விடுதலை பண்ண முடியாதாம். நான் என்ன செய்ய?"

"உங்க மேல தப்பில்லீங்க தொரை" என்று அவரைத் தேற்றிவிட்டு அறையை விட்டு வெளியே வந்தான்.

கூடத்தில் துரைசானி விருந்தாளியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டத்த வரிவரியா எழுதினதே எங்க வீட்டுக்காரர்தான். மத்தவங்க கை தூக்கினதோட சரி!"

குவாமினா வைக்கோல் போருக்கு நடந்தான். துரையை ஒளித்து வைத்த இடத்தில் நின்று தம்பி பெயரைச் சொல்லி அழுதான்.