கையை எடுத்தாலும் நிக்கணும்

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீக. பதினாலு படத்துல ஒண்ணுகூட நேரா இல்ல."

சொல்லிக்கொண்டே சுரேஷ்கண்ணன், முத்துக்குமரனுக்கு வைத்த டீயில் பாதியைத் தன் கிளாஸில் ஊற்றிக்கொண்டான்.

சின்னமனூரில் இருவரும் கூட்டாக ஸ்டூடியோ நடத்துகிறார்கள். சுரேஷ்கண்ணன் வீடியோ, முத்துக்குமரன் போட்டோ. கம்ப்யூட்டரில் ஆல்பம் போடும் முனீஸ்வரி, முத்துக்குமரனின் மனைவி, சுரேஷ்கண்ணனின் தங்கை.

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் டீயைப் பிடுங்கிக் குடிப்பது ஒரு மாதமாகவே நடக்கிறது. அண்ணன்தானே என்று விட்டிருந்தாள். ஆனால் இருபது வருஷமாகப் படம் எடுக்கிறவரைப் பார்த்து, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்கள் முன்னால் இப்படியா பேசுவது?

"மேகமலை பங்களாவுல ஜன்னலு, தூணு எல்லாம் சாஞ்சு நிக்குது. பூகம்பம் வந்துச்சான்னு கேக்கப் போறாக."

"எனக்கு நேராத்தான தெரியுது மச்சான்?"

"என் கண்ணுக்கு ஆகல. இந்த பால் ஹெட்டைக் கடாசிட்டு கியர் ஹெட் வாங்கிருவோம். கிளம்புங்க தேனிக்கு."

ஸ்டாண்டின் உச்சியில் கேமராவைத் தாங்கும் உருண்டைதான் பால் ஹெட். அதைத் தளர்த்தினால் கேமரா எந்தப் பக்கமும் சாயும். ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இறுக்க வேண்டும். நொடியில் வேலை முடியும்.

"கியர் ஹெட்டா? அதைத் திருகித் திருகி மட்டம் பாக்குறதுக்குள்ள பொண்ணும் மாப்பிள்ளையும் பிள்ளையே பெத்துருவாக" என்று முத்துக்குமரன் எரிந்து விழுந்தான்.

"கல்யாணத்தை இனிமே நான் பாத்துக்கிறேன். பங்களா, வீடு, மண்டபம், இந்த மாதிரி அசையாம நிக்கிறதெல்லாம் நீங்க."

ஓஹோ, கதை அப்படிப் போகிறதா என்று முனீஸ்வரி நினைத்தாள். கடைக்கு அவளும் கூடவே கிளம்பினாள்.

தேனியில் கேமரா கடை வைத்திருக்கும் ஜெபஷீலா, மேசை மேல் மூன்று ஹெட்டுகளை எடுத்து வைத்தாள்.

சுரேஷ்கண்ணன் விலையைக் கேட்கவில்லை, கம்பெனியைக் கேட்கவில்லை. முதல் ஹெட்டில் கேமராவை மாட்டினான். திருகைத் தளர்த்தினான். இரண்டு கையையும் எடுத்துவிட்டான்.

அது புது பால் ஹெட். கேமரா தொப்பென்று சாய, ஜெபஷீலா பாய்ந்து பிடித்தாள்.

"என்னண்ணே, உடைஞ்சா என்ன ஆகுறது?"

"கையை எடுத்தாலும் நிக்கணும்மா."

இரண்டாவதில் நீளக் கைப்பிடி. இறுக்கும்போது கேமரா ஒரு நூல் நகர்ந்தது. அதுவும் வேண்டாமென்றான்.

மூன்றாவதுதான் கியர் ஹெட். மூன்று பக்கம் மூன்று திருகு. கையை எடுத்தபிறகும் கேமரா கல் மாதிரி நின்றது. திருகைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று ஆட்டினான். ஹெட்டில் இருந்த ரசமட்டத்துக் குமிழி கொஞ்சமே கொஞ்சம் அசைந்து அடங்கியது.

"ஏண்ணே இம்புட்டு ஆட்டுறீக? நிதானமாத் திருகுற சாமான்ணே."

"எங்க மாப்ளைக்கு முரட்டுக் கைம்மா!"

கடையே சிரித்தது. முத்துக்குமரனும் சிரித்தான். முனீஸ்வரிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அண்ணன் அந்தப் பக்கம் போனதும், பதினாலு படங்களையும் கம்ப்யூட்டரில் திறந்தாள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தூணுக்கும் கோடு போட்டுப் பார்த்தாள். எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தன.

"என்னங்க, இங்கன வாங்க! ஒரு படம்கூடக் கோணல் இல்ல. அண்ணன் பச்சைப் பொய் சொல்லியிருக்கு. கல்யாண ஆர்டரைப் பூராம் தானே வச்சுக்கத்தான் இந்த நாடகம். இருங்க, நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்குறேன்."

போனை எடுத்தாள்.

"கேக்காத முனீசு. படம் நேரா இருக்குன்னு எனக்கும் தெரியும். நேத்தே கோடு போட்டுப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா அம்புட்டுப் பேர் முன்னாடி வாங்கிக் கட்டிக்கிட்டீக?"

முத்துக்குமரன் வலது கையை அவள் முன்னால் நீட்டினான். விரல்கள் வெடவெடவென்று ஆடின.

முனீஸ்வரி போனைக் கீழே வைத்தாள்.

"எங்கயாச்சும் ஊண்டிக்கிட்டா தெரியாது. அந்தரத்துல எதையாச்சும் பிடிச்சாத்தான் ஆடும். மதுரையில டாக்டரைப் பாத்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல, நடுக்கம் மட்டும் இருக்கும்னுட்டாக. வெக்கமா இருந்துச்சு, உன்கிட்டகூடச் சொல்லல."

அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மேகமலையில ஒவ்வொரு படத்துக்கும் இருபது தடவை தளத்தி இறுக்குனேன். ரெண்டு தடவை கேமரா நழுவப் பாத்துச்சு. மச்சான் கவனிச்சிட்டாக. கவனிக்காத மாதிரி அங்கிட்டுத் திரும்பிக்கிட்டாக. கை நடுங்குதுன்னு அவுக வாயால சொல்லியிருந்தா, அன்னைக்கே கேமராவைத் தூக்கி வச்சிருப்பேன். கோணல்னு சொன்னாக. அதான் நானும் சண்டை போட்டுக்கிட்டே ஹெட்டை வாங்கிக்கிட்டேன்."

எழுந்து போய், புது ஹெட்டில் கேமராவை மாட்டித் திருகைப் பிடித்தான். விரல் ஆடியது. குமிழி மெதுவாக நகர்ந்து நடுவுக்கு வந்தது. கையை எடுத்தான். நின்றது. அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை முனீஸ்வரி பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம். அவுக பாட்டுக்குத் திட்டட்டும்."

மறுநாள் காலையில் டீ வந்தது. லேசாக ஆடினாலும் சிந்துகிற மாதிரி கிளாஸ் விளிம்பு வரை ததும்பிக்கொண்டு நின்றது.

"மாப்ள, இன்னைக்காச்சும் நேரா எடுங்க" என்றபடி சுரேஷ்கண்ணன் கையை நீட்டினான்.

அதற்குள் முனீஸ்வரியே கணவனின் கிளாஸை எடுத்து, பாதி டீயை அண்ணன் கிளாஸில் ஊற்றினாள்.

சுரேஷ்கண்ணன் திடுக்கிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"என்னண்ணே முழிக்கிற? உனக்குத்தான் ஒரு டீ பத்தாதே!"