கல்லுக்குக் கல்

கார் இடப்பக்கமாகவே இழுத்தது. சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, முற்றத்தில் செங்கல் வைத்துக் காரின் நீளத்துக்கு நூல் கட்டினேன். டேப்பை எடுத்ததும், நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் பாய்ந்து வந்தார்.

“யாரக் கேட்டுடா எடத்த அளக்குற?”

“காருக்குண்ணே. சக்கரம் கோணியிருக்கு.”

“எங்கிட்டயே கதை விடுறியா?” நூலை அறுத்து என் முகத்தில் எறிந்தார்.

பாகம் பிரித்ததும் அவரே நின்று கட்டிய சுவர் அது. அதுவரை நான் அதைச் சந்தேகமாகப் பார்த்ததே இல்லை. அறுந்த நூலை முடிச்சுப் போட்டேன். வாசலில் ஒரு எல்லைக்கல், கொல்லையில் ஒன்று. இரண்டுக்கும் இடையே இழுத்துக் கட்டினேன். நூல் நேராகப் போகவில்லை. நடுவில் சுவர் அதை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது.

டேப்பின் முனையை அவரிடம் நீட்டினேன்.

“பிடிண்ணே. இப்பத்தான் எடத்த அளக்கப் போறேன்.”