கண்மூடி உட்கார்ந்தவர்

ஆபரேஷன் அறை வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் நர்ஸ் சொல்லியிருந்தாள்: அண்ணன் தம்பியில் ஒருவர் மதப் பிரசங்கி, மற்றவர் கல்லூரியில் தத்துவம் நடத்தி, கடவுளையே கேள்வி கேட்பவர். உள்ளே கிடப்பது அவர்களைப் பெற்றவள். யார் எவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

தம்பி கண்மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். அண்ணன் எரிந்து விழுந்தார்.

"யாருடா கேக்கப் போறா? மேல யாரும் இல்லடா!"

ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ உசுரு ஊசலாடுது, இப்பவுமா வாய்க்கொழுப்பு சார்?"

கதவு திறந்தது. "அம்மா பொழச்சுட்டாங்க" என்றார் டாக்டர்.

ஆயா தம்பியிடம் ஓடினாள். "எல்லாம் உங்க பிரார்த்தனைதான், பிரசங்கி ஐயா!"

"பிரசங்கி நானில்லம்மா, அண்ணன். 'எனக்குக் கும்பிட வரலடா'ன்னு அழுதாரு. அவருக்குப் பதிலா நான் உக்காந்தேன்."

ஆயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினாள். பிரசங்கி தலை நிமிரவே இல்லை.