ஈரலுக்கு நல்ல மாத்திரை

பட்டாசுக் கம்பெனி நடத்திய மருத்துவ முகாமில் கணவன், மனைவி இருவருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

“ஈரல் கெட்டிருக்கே. குடிப்பழக்கம் உண்டா?” என்றார் டாக்டர்.

பொன்னுத்தங்கம் பொரிந்து தள்ளினாள். “இவுகளுக்குக் குடிக்காமப் பொழுது அடையாது. சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்திப்போச்சு. ஈரலுக்கு நல்லதுன்னு சத்து மாத்திரை டப்பா டப்பாவா வாங்கி வச்சேன். தொட்டுக்கூடப் பாக்கல.”

ஜெயச்சந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவருக்கு இன்னும் கெடலைம்மா. கெட்டிருக்கிறது உங்க ஈரல். அந்த மாத்திரையை என்ன செஞ்சீங்க?”

அவள் குரல் இறங்கியது. “வீணாப் போகுதேன்னு நான்தான் முழுங்கினேன். வேளைக்கு ரெண்டா.”

“அதுதான் கெடுத்திருக்கு. இன்னையோட நிறுத்துங்க.”

“ரெண்டு பேருமே நிறுத்திருதோம் டாக்டர்” என்று ஜெயச்சந்திரன் அப்போதுதான் வாய் திறந்தான்.