நான் அந்த நாட்டுக்காரன்

பிற்பகல் வெயில் தையல்கடையின் கண்ணாடிக் கதவு வழியாக வந்து வெட்டுமேசைமீது சாய்ந்து கிடக்கிறது. தையல்காரர் ஊசியைத் தன் சட்டைக் காலரில் குத்திவிட்டு, கட்டைவிரலால் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருக்கிறார். முகம் தெரியாத எவனோ அவருடைய தாய்நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு என்று பதிவு போட்டிருக்கிறான். சும்மா விட முடியுமா? போன வாரம் அங்கிருந்து வந்து சேர்ந்த தங்கை, எதிரே நின்று ஒரு கால்சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். நீராவி புஸ்ஸென்று எழுந்து வெயிலில் கரைகிறது. "இதக் கேளு," என்று அவர் உரக்கப் படிக்கிறார். "'நான் அந்த நாட்டுக்காரன். பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், அங்கே எந்த மருந்துக்கும் பஞ்சமில்லை.' எப்படி? இனிமே வாயத் தொறப்பானா?" தங்கை கால்சட்டையின் மடிப்பை விரலால் நீவுகிறாள். "நீ கிளம்பி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சுண்ணே." குரலில் கோபமில்லை. "என் வீட்டுக்காரருக்கு ஊசி மருந்து தேடி ஒம்பது கடை ஏறி இறங்கினேன். பத்தாவது கடை வாசல்ல நிக்கும்போது ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துருச்சு."

"மச்சான் மாரடைப்புல போயிட்டாருன்னுதானே சொன்ன?"

"போன்ல வேற என்னத்தச் சொல்ல?"

அவர் எழுதியதைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறார். 'நான் அந்த நாட்டுக்காரன்' மட்டும் திரையில் மிஞ்சுகிறது. அதையும் அழிக்கிறார். முக்காலியைத் தங்கையின் பக்கம் நகர்த்துகிறார்.

"உக்காரும்மா. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

வந்து ஏழு நாளில் முதன்முறையாக அவள் அழுகிறாள்.