அறுந்த சங்கிலிக்கு ஒரு களைக்கொத்தி

பூந்தமல்லி கடைத்தெருவின் இரும்புக் கடை வாசலில், பத்து மணி வெயில் கடப்பாரை முனைகளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. ரோஷினி ஒவ்வொரு கருவியாக எடுத்து, அங்கே கிடக்கும் மணல் மூட்டையில் ஓங்கிக் குத்திப் பார்க்கிறாள். மூட்டை கிழிந்து மணல் ஒழுகுகிறது. அவள் கழுத்தைச் சுற்றி, நேற்று அவள் புருஷன் பாபு தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்த தடம் கன்றிச் சிவந்திருக்கிறது. அறுந்த சங்கிலியை அவன் நசரத்பேட்டை ஃபிளாட்டின் மாடியிலிருந்து பின்பக்கக் காலி மனையில் வீசினான். இன்று, அதைத் தேட வாடகைக்கு எடுத்த மெட்டல் டிடெக்டருடன் அவள் பின்னால் நிற்கிறான். கடை முழுக்க இரும்பு. டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது. அவனுக்கு அணைக்கத் தெரியவில்லை. "எதையாவது எடுத்துட்டு வாடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் முழங்கையைப் பிடித்து முறுக்குகிறான். அவள் கையிலிருக்கும் களைக்கொத்தி, அவன் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி, மண்ணில் இறங்குகிறது. அவன் பிடி தானாக விடுகிறது.

மண்ணில் விழுந்த சங்கிலியைத் தோண்டத்தான் கருவி என்று அவர்கள் வந்ததுமே கேட்டுத் தெரிந்துகொண்ட கடைக்காரர் ஞானசேகரன், கல்லாவைவிட்டு எழுந்து வருகிறார். "கூரா கீறது இன்னாத்துக்கும்மா? சங்கிலி மேல பட்டா அறுந்துடும். மொட்டையா ஒண்ணு எடுத்துக்க."

"அது நேத்தே அறுந்துடுச்சுண்ணே." களைக்கொத்தியை மண்ணிலிருந்து பிடுங்கி, அலகைத் துப்பட்டாவில் துடைக்கிறாள். "போட்டுக்கவா தேடுறேன்? இவர் கையில குடுத்துட்டுக் கிளம்பணும்."

டிடெக்டர் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது.